பாதி ஈப்போ, பாதி கனகசெட்டிக்குளம்

என் குரல் எனக்கு முன்பே புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நான் அதைத் தேடிக்கொண்டு பின்னால் போனேன்.

நான் மலேசியாவின் ஈப்போவில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை பார்ப்பவள். கல்யாணத்துக்கு முன்னால், கை சும்மா இருந்த காலத்தில், 'கிளி' என்று ஒரு மென்பொருள் எழுதினேன். தமிழில் எதை எழுதிக் கொடுத்தாலும் வாய்விட்டுப் படிக்கும். குரல் என்னுடையது. சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியை நிறுத்தி, தலைக்கு மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஐந்து மாதம் சொல் சொல்லாகப் பேசிப் பதிந்தேன். ஈப்போவின் புழுக்கத்தில் அதைச் செய்தவளுக்குத்தான் தெரியும். பிறகு கட்டற்ற உரிமத்தோடு இணையத்தில் விட்டேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. கிளியை மாற்றி, அதிலிருந்து புதிதாக ஒன்றைச் செய்து பிறருக்குக் கொடுத்தால், அந்தப் புதியதன் மூலநிரலையும் அதே உரிமத்தில் திறந்து கொடுக்க வேண்டும். அது வழிப்படைப்பு. அப்படி இல்லாமல், கிளியை வேறு மென்பொருள்களுக்குப் பக்கத்தில் வைத்து ஒரே பெட்டியில் போட்டுக் கொடுத்தால் அது வெறும் தொகுப்பு. கிளிக்கு மட்டும் கிளியின் உரிமம். பக்கத்தில் இருப்பது அவரவர் சொத்து, திறக்க வேண்டியதில்லை.

கேட்க எளிதாக இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்றுதான் ஊர் ஊராகச் சண்டை.

கிளியைப் பராமரிக்க இப்போது நாங்கள் ஆறு பேர் இருக்கிறோம். அதில் டொரொண்டோக்காரரான குகன் ஒருநாள் ஓர் ஒலித்துணுக்கை அனுப்பினார். படகு இன்ஜின் சத்தத்துக்கு நடுவே நான் பேசிக்கொண்டிருந்தேன்: "அலை உயரம் இரண்டு மீட்டர். மதியத்துக்கு மேல் கடலுக்குப் போக வேண்டாம்." புதுச்சேரியில் யாரோ மீனவர்களுக்காகக் 'கடலொலி' என்ற பேசும் பெட்டி செய்கிறார்களாம். உள்ளே கிளி இருக்கிறதாம். தங்கள் நிரல் எதையும் திறக்கவில்லையாம். குகனுக்கு நரம்பு புடைத்துவிட்டது. கடிதம் எழுதினோம். ஜாபர் என்பவரிடமிருந்து பதில் வந்தது: "மேடம், நாங்க பண்றது தொகுப்புதான். சந்தேகம்னா நேர்ல வந்து பாருங்க. சாப்பாடு நம்ம வூட்லதான்."

உரிமச் சண்டைக் கடிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சோற்றுக்கு அழைத்த கடிதம் அதுதான் முதல். விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

*

முதல் நாள், பேருந்து நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்காரரிடம், "முத்தியால்பேட்டை போகணும்லா, எவ்வளவு?" என்றேன். அவர் விலை சொல்லவில்லை. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"முத்தியால்பேட்டை."

"எங்கியோ கேட்ட கொரலா இருக்குதே..." வண்டியைக் கிளப்பியும் அவர் யோசனை தீரவில்லை. நேரு வீதி நெரிசலில் ஒரு பைக் குறுக்கே வந்தபோது நான் "ஐயோ, கவனம்" என்றேன். ஆட்டோ நடுரோட்டில் நின்றது. பின்னால் ஏழெட்டு ஹாரன்கள்.

"மச்சான் போட்ல இருக்கிற பொட்டி! கவனம், கவனம்னு அதுதான் சொல்லும்! நீங்கதானா அது?"

நான்தான் என்றேன். எனக்கு நாற்பத்து நான்கு வயது. சொந்த ஊரில் எந்தக் கடைக்காரரும் என்னை அடையாளம் கண்டுகொண்டதில்லை. கடல் தாண்டி வந்து, முகத்தைப் பார்க்காமலே ஒருவர் என்னைத் தெரியும் என்கிறார். மீதி வழி முழுக்க அவர் கேட்டதையெல்லாம் நான் பெட்டி மாதிரியே சொல்லிக்கொண்டு வந்தேன். "இடது பக்கம் திரும்பவும்." "வேகத்தடை உள்ளது." சிரித்ததில் வாங்க வேண்டிய வாடகையைக்கூடக் குறைத்துக்கொண்டார்.

தங்கியது ஒரு 'சொல்தா' வீட்டு மாடியில். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். வீட்டுக்கார அம்மாளை எல்லோரும் மதாம் என்று கூப்பிட்டார்கள். காலையில் நீட்டு ரொட்டியும் வெண்ணெயும் பழக்கூழும் வைத்துவிட்டு, தொட்டுக்கொள்ளப் பக்கத்திலேயே முந்தின நாள் மீன்குழம்பையும் வைத்தார். நான் இரண்டையும் பார்த்து விழித்தேன். "ரொட்டிய கொழம்புல முக்கித் தின்னு பாரு, அப்புறம் பேசு" என்றார். தின்றேன். அதற்கப்புறம் பேச்சே வரவில்லை. ஈப்போவில் ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் முக்குகிறவள் நான்; இதில் எனக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்று ஒப்புக்கொண்டேன்.

*

ஜாபரின் பட்டறை முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்தது. ஒரு பக்கம் லேத் பட்டறை, இன்னொரு பக்கம் தையல்கடை. கீழே பட்டறை, மேலே வீடு. ஜாபர் பெட்டியைச் செய்கிறார், ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறார். நிரல் எழுதுவதெல்லாம் தங்கை ஜமீலா. ஜாபர் எவ்வளவு பேசுவாரோ ஜமீலா அவ்வளவு பேசமாட்டார்.

"உக்காருங்க மேடம். பாயா ஆறிடும், மொதல்ல அத முடிங்க. சட்டம் எங்கியும் ஓடாது" என்றார் ஜாபர்.

"நான் பசியாறிட்டேன்."

"பசியாறுறது வேற, சாப்புடறது வேற மேடம்."

இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். இதற்குப் பிறகு கடுமையான முகத்தோடு ஒருவரை விசாரிப்பது மனித சாத்தியமில்லை. ஆனாலும் முயன்றேன்.

அவர் நிலைமையைச் சொன்னார். கடலோரக் கிராமங்கள் பல சேர்ந்த ஒரு மீனவர் சங்கம், எல்லாப் படகுகளுக்கும் பெட்டி வாங்கத் தயாராக இருக்கிறது. இப்போது சில படகுகளில் சோதனை நடக்கிறது. உரிமத் தகராறு எதுவும் இல்லை என்று தெரிந்தால்தான் சங்கம் கையெழுத்துப் போடும். கிளியைத் தொடவே இல்லை, பக்கத்தில் வைத்திருக்கிறோம் என்று ஜாபர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது வழிப்படைப்பு, எல்லாவற்றையும் திற என்று நாங்கள் சொன்னால் கதை முடிந்தது. காற்றையும் அலையையும் கணக்கிட்டு ஒவ்வொரு படகின் இடத்துக்கும் ஏற்றபடி எச்சரிக்கை தரும் கடல் நிரலை ஜமீலா மூன்று வருடம் எழுதியிருக்கிறார். அதைத் திறந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளச் சென்னையில் ஒரு பெரிய கம்பெனி காத்துக்கொண்டிருக்கிறது. இதற்காகவே ஜாபர், நடந்துகொண்டிருந்த செல்போன் கடையை மூடியிருக்கிறார்.

அந்த இரண்டாம் நாள் முழுவதும் ஜமீலா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிரலைக் காட்டினார். எனக்கு வரிக்கு வரி மகிழ்ச்சி. இவ்வளவு சுத்தமாக எழுதும் ஒருத்தி தையல்கடைச் சந்தில் இருக்கிறாள்! கடல் நிரல் தன் கணக்கை முடித்ததும் ஒரு வாக்கியத்தை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. கிளி அந்தக் கோப்பைப் பார்த்துப் படிக்கிறது. அவ்வளவுதான். ஒன்றின் வயிற்றுக்குள் மற்றது கையை விடவில்லை. பெட்டியோடு கொடுக்கும் தாளில் கிளியின் உரிமம் இருந்தது, கிளியின் மூலநிரல் கிடைக்கும் முகவரியும் இருந்தது. அது என் பழைய முகவரிதான்.

மதியச் சாப்பாட்டில் ஜாபர் தன் இலையையே சாட்சிக்கு இழுத்தார். "சோறு, கொழம்பு, பொரியல் தனித்தனியா இருக்குது. இது தொகுப்பு. பெசஞ்சா வழிப்படைப்பு. சரியா மேடம்?"

"பிசைவது யார் என்று பார்க்கணும்லா. உங்கள் இலையில் நீங்கள் பிசைந்து சாப்பிட்டால் உரிமம் ஒன்றுமே கேட்காது. பிசைந்து இன்னொருத்தருக்குக் கொடுத்தால்தான் கேட்கும்."

"நான் யாருக்கும் பெசஞ்சி குடுக்கலயே!" என்று இரண்டு கையையும் தூக்கினார். ஒரு கையிலிருந்து ரசம் வழிந்தது. ஜமீலா மட்டும் சிரிக்காமல் மோர் எடுத்துவர எழுந்து போனார்.

சாயங்காலம் நான் சொல்லிவிட்டேன்: "தொகுப்புதான்."

ஜாபர் லேத் பட்டறைக்கு ஓடினார், தையல்கடைக்கு ஓடினார். கால் மணி நேரத்தில் சந்து முழுக்க அல்வா. "எங்க ஊரே ஒரு தொகுப்புதான் மேடம். பாண்டி இங்க, காரைக்கால் அங்க, மாஹே கேரளாவுக்குள்ள, ஏனாம் ஆந்திராவுக்குள்ள. எதையும் எதோடயும் பெசையல!" அவருடைய ஆனந்தம் எனக்கும் தொற்றிக்கொண்டது. குகனுக்கு அன்றே எழுதிவிட்டேன்.

*

மூன்றாம் நாள் எனக்கு வேலையே இல்லை. ஒரே ஓர் ஆசை பாக்கி இருந்தது: என் குரலைக் கடற்கரையில் கேட்க வேண்டும். பட்டறையில் ஜமீலா பெட்டியைத் திரையில் ஓட்டித்தான் காட்டியிருந்தார். ஒலிபெருக்கி பழுது என்றார். கனகசெட்டிக்குளத்தில் ஒரு படகில் பெட்டி இருக்கிறது என்று ஜாபர் சொன்னார்.

"வேணாங்க்கா, வெயிலு கொல்லும்" என்றார் ஜமீலா. அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டது அப்போதுதான். நான் ஈப்போக்காரி, எனக்கா வெயில் என்று பேருந்து ஏறிவிட்டேன்.

முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் 'தமிழ்நாடு வரவேற்கிறது' என்று பலகை. சற்றுத் தூரத்தில் மறுபடி புதுச்சேரி. ஈப்போவிலிருந்து அரை மணி போனாலும் ஈப்போவாகத்தான் இருக்கும். இந்தப் பலகைகளை எண்ணிக்கொண்டு வந்தவள், பாதியிலேயே தூங்கிப் போனேன். கண்டக்டர் தட்டி எழுப்பியபோது இரு பக்கமும் உப்பளங்கள்.

"எங்க எறங்கணும்?"

"கனகசெட்டிக்குளம்."

"அது அப்பவே பூட்ச்சே! இது மரக்காணம்." பேருந்தே திரும்பி என்னைப் பார்த்தது. "எங்கம்மா இருந்து வர்றீங்க?"

"மலேசியா."

"அங்கேர்ந்து கரெக்டா வந்துட்டீங்க, இங்க தவற வுட்டுட்டீங்களே" என்றார் ஒரு பெரியவர். வண்டியே சிரித்தது. நானும்தான். திரும்பி வர ஷேர் ஆட்டோ. மூன்று மீன் கூடைகள், ஐந்து பெண்கள், நான். கூடையிலிருந்து ஒரு நண்டு என் பை மேல் ஏறிக்கொண்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கனகசெட்டிக்குளம் கரையில் படகுகள் ஏறியிருந்தன. வலை உதறும் பெண்களில் ஒருத்தியிடம் பேசும் பெட்டி எந்தப் படகில் என்று கேட்டேன். முப்பத்தைந்து வயது இருக்கும், பெயர் வசந்தா. "எங்க போட்டுதான்" என்று மணலில் முன்னால் நடந்தாள். நீலப் படகின் பின்பக்கம் எண்ணெய்த்துணி சுற்றிய பெட்டி. பொத்தானை அழுத்தினாள்.

"வணக்கம். இன்று மதியத்துக்கு மேல்..." இது நான். "...கச்சான் பலமாகும்."

இங்கே கச்சான் என்றால் மேற்கிலிருந்து வீசும் காற்று என்று எனக்கு அப்போது தெரியாது; எங்கள் ஊரில் அது வேர்க்கடலை. வேர்க்கடலை எப்படிப் பலமாகும் என்று ஒரு கணம் குழம்பினேன். அடுத்த கணம்தான் உறைத்தது. முதல் பாதியைச் சொன்னது நான். அந்தக் கடைசி இரண்டு சொல்லைச் சொன்னது நான் இல்லை.

"இது யார் குரல்?"

"மொத பாதி யாரோ ஒரு சிங்கப்பூர் பொம்பள. கச்சான்னு சொல்றது நானு" என்றாள் வசந்தா, கையிலிருந்த வலையில் சிக்கிய ஒரு நண்டைப் பிய்த்துக்கொண்டே.

"சிங்கப்பூர் இல்லை, ஈப்போ. அது நான்."

அவள் நண்டைக் கீழே போட்டாள். "வணக்கம் சொல்லுங்க."

"வணக்கம்."

"அய்யய்யோ! பொட்டிக்காரி வந்துக்கிறாடீ!"

கரை முழுவதும் ஓடிவந்தது. ஆளாளுக்கு என்னைப் பேசச் சொன்னார்கள். ஒரு கிழவர் நாளைய காற்றைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றதும் மிகவும் ஏமாந்துபோனார். ஒருத்தி என் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். நானும் வசந்தாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, நான் "இன்று மதியத்துக்கு மேல்" என்று சொல்ல, அவள் "கச்சான் பலமாகும்" என்று முடிக்க, கைதட்டல். மூன்று முறை செய்து காட்டினோம். என் வாழ்க்கையில் நான் ஏறிய ஒரே மேடை அந்த மணல்தான்.

கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன், இது எப்படி நடந்தது என்று.

"நீங்க கச்சான கச்-சான்னு ரெண்டா ஒடச்சி சொன்னீங்க. வாடைய வடைன்னு சொன்னீங்க. ஆம்பளைங்க வுழுந்து வுழுந்து சிரிச்சாங்க. சிரிக்கிறவன் சொல்றத கேப்பானா? ஒரு நாளு அப்படித்தான், வடை வருது வடை வருதுன்னு கிண்டல் பண்ணிக்கினே உள்ள போயிட்டாங்க. வாடக்காத்து ஏறிப்போச்சி. எங்க வூட்டுக்காரரு திரும்பி வர்றதுக்குள்ள எனுக்கு உசிரு போயி வந்துது. மறுநாளே பஸ் ஏறி அந்த ஜமீலா பொண்ணுகிட்ட சண்ட போட்டேன். அது என்னை உக்கார வெச்சி, நீயே சொல்லுக்கான்னு மைக்க நீட்டிடுச்சி. மூணு நாளு காத்து பேரு, ஊரு பேரு எல்லாம் பேசினேன். இப்ப யாரும் சிரிக்கிறதில்ல."

ஐந்து மாதம் போர்வைக்குள் வியர்த்து, வாடையை வடை என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதைச் சரிசெய்ய ஒருத்தி பேருந்து ஏறியிருக்கிறாள்.

ஆனால் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு குரலை ஒட்டுத் தெரியாமல் ஒட்ட வேண்டுமானால் கிளியின் வயிற்றைத் திறந்தாக வேண்டும். அது எனக்குத் தெரியும். வயிற்றைத் தைத்தவளே நான்தான். பக்கத்தில் வைத்தது இல்லை இது. வழிப்படைப்பு. நேற்று நான் தவறான தீர்ப்புச் சொல்லி, ஒரு சந்தே அல்வா தின்றிருக்கிறது.

*

நான்காம் நாள் காலை பட்டறைக்குப் போனதும் என் முகத்தைப் பார்த்தே ஜமீலாவுக்குத் தெரிந்துவிட்டது.

"வசந்தாவ பாத்துட்டீங்களா?"

"பார்த்தேன். கச்சானும் கேட்டேன்."

ஜாபர் சாலிடரிங் கம்பியை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாது வசந்தா? இன்னா கச்சான்?"

ஜமீலா சொன்னார். கிளியின் உள்ளே நானூறு வரி மாற்றியதை, புதுக் குரலைச் சேர்த்ததை, எனக்குப் பழைய கிளியை மட்டும் காட்டியதை. ஒலிபெருக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும்.

"தொடவே இல்லன்னு சங்கத்துக்கு எழுதிக் குடுத்துருக்கேனேம்மா! என் கையெழுத்து!" ஜாபரின் குரல் உடைந்தது. அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

"பயந்துட்டேண்ணே. ஒண்ண தொட்டா எல்லாத்தையும் தொறந்து குடுக்கணும்னு நெட்ல போட்டிருந்தான். மூணு வருசம் எழுதினது போயிடுமேன்னு..." ஜமீலா அழ ஆரம்பித்தார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "எல்லாத்தையும் இல்லை ஜமீலா. தொட்டதை மட்டும். நீ கிளியைத் தொட்டிருக்கிறாய். கடல் நிரலுக்குள் கிளி போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைச் சோதித்துப் பார்த்துவிடலாம்."

சோதனை மிகவும் எளிது. மாற்றிய கிளியைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் பழைய கிளியை அப்படியே வைத்தேன். கடல் நிரலில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. இரண்டும் பின்னிப் பிணைந்திருந்தால் பெட்டி படுத்துவிடும். தனித்தனி என்றால் பேசும். இதுமட்டுமே எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஆனால் வரிகளை நான் ஏற்கெனவே படித்திருந்தேன், மீதி இருந்தது இந்த ஒன்றுதான்.

ஜாபர் கண்ணை மூடிக்கொண்டார். லேத் பட்டறைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார். வாடைக்காற்று வீசிய ஒரு பழைய நாளின் அளவுகளை ஜமீலா கொடுத்தார், பொத்தானை அழுத்தினேன்.

"இன்று மதியத்துக்கு மேல்," என்றது பெட்டி, முழுக்க முழுக்க என் குரலில், "வடை பலமாகும்."

அவ்வளவு அசிங்கமான உச்சரிப்பை அவ்வளவு ஆனந்தத்தோடு நான் கேட்டதில்லை. பேசிவிட்டது! பிறகு கிளியையே எடுத்துவிட்டோம். கடல் நிரல் தன்பாட்டுக்குத் திரையில் எழுத்தைக் காட்டிக்கொண்டு ஓடியது. ஜமீலா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப கடல் நிரல் எங்களுதா?" என்றார்.

"உங்களுடையதுதான். பெட்டி ஒரு தொகுப்பு. அதில் இருக்கிற கிளி ஒரு வழிப்படைப்பு. மாற்றிய கிளியின் மூலநிரலை மட்டும் திறந்து கொடு. இத்தனை நாள் கொடுக்காமல் இருந்தது தப்பு. இன்றைக்குக் கொடுத்தால் நாங்கள் ஆறு பேரும் அதை மறந்துவிடுவோம்."

ஆறு பேர் சார்பில் நானே வாக்குக் கொடுத்துவிட்டேனே தவிர, குகனிடம் அரைநாள் போராட வேண்டியிருந்தது. ஒரே பெட்டி, ஒரே விற்பனை, ஆகவே ஒரே படைப்பு என்றார். சோதனையைக் காணொளியாக அனுப்பினேன். கடைசியில், "சரி, ஆனால் வடை என்றா இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம்?" என்று எழுதினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜாபர் சட்டையை மாற்றிக்கொண்டு சங்கத்துக்குப் போனார். எழுதிக்கொடுத்தது தப்பு, திருத்தி எழுத வந்திருக்கிறேன் என்று அவராகவே சொல்ல வேண்டும். திரும்பி வரும்வரை ஜமீலா ஒரு டீயையும் குடித்து முடிக்கவில்லை. மாலை ஆறு மணிக்குச் சந்து முனையிலேயே ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. நிற்காமல் அடித்துக்கொண்டே வந்தார்.

"தலைவரு நான் திருத்தி எழுதினத ரெண்டு வாட்டி படிச்சாரு. அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு."

"இன்னா கேட்டாரு?"

"அந்த ரெண்டாவது பொம்பள கொரலு மாறிடாதேன்னு!"

*

மாறாது என்று யார் சொல்வது? குரல் வசந்தாவுடையது. அதைத் திறந்த உரிமத்தில் விட அவளிடம் யாரும் கேட்கவே இல்லை. ஐந்தாம் நாள் காலை ஒரு கூடை சங்கரா மீனோடு அவளே பட்டறைக்கு வந்தாள். நான் உரிமத்தைச் சொந்த வார்த்தையில் சொன்னேன். கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்ப என் கொரல யாரு வேணா எடுத்துக்கலாம்?"

"ஆமா."

"கண்டதையும் பேச வெச்சா?"

பொய் சொல்ல வரவில்லை. "வைப்பார்கள். என் குரலை ஒரு லிஃப்டில் கேட்டிருக்கிறேன். ஒரு தேர்தல் வண்டியில் கேட்டிருக்கிறேன், நான் ஓட்டுப் போடாத ஆளுக்கு. தடுக்க முடியாது. ஒருமுறை விட்டால் திரும்பி வாங்கவும் முடியாது. நீ வேண்டாம் என்றால் வேண்டாம்தான்."

அவள் வேண்டாம் என்றால் பெட்டி மறுபடி வடைக்குத் திரும்பும்; சங்கம் கையெழுத்துப் போடாது. ஜாபர் கெஞ்சுவார் என்று நினைத்தேன். கெஞ்சவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

வசந்தா மீனைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். "வேற ஊரு கடல்காரங்களும் எடுத்துப்பாங்களா?"

"எடுத்துக்கொள்வார்கள்."

"அங்கியும் ஆம்பளைங்க சிரிச்சிக்கினுதான் இருப்பாங்க. வுடுங்க. ஆனா எம் பேரப் போடணும்."

கிளியில் 'ஆக்கியோர்' என்று ஒரு கோப்பு உண்டு. அதில் என் பெயருக்குக் கீழே ஜமீலா தன் பெயரை ஒரு விரலால் தயங்கித் தயங்கித் தட்டினார். நானூறு வரியைப் பத்து விரலால் எழுதியவர்! அடுத்த வரியை வசந்தாவே தட்டினாள். அப்பா பெயரின் முதலெழுத்தா, வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்தா என்று ஜாபர் கேட்டார். "அவங்களா பேசினாங்க?" என்று கேட்டுவிட்டு, வசந்தா, கனகசெட்டிக்குளம் என்று மட்டும் அடித்தாள்.

இணையத்தில் ஏற்றும்போது இரண்டு முறை மின்சாரம் போனது. மூன்றாம் முறை ஏறிவிட்டது. தையல்கடைக்காரர் வரைக்கும் எல்லோரும் கைதட்டினோம். கீழே லேத் ஓட, மேலே சங்கரா வறுபட, நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது ஜமீலாவின் செல்போன் சிணுங்கியது. வெளியிட்டு முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மட்டக்களப்பிலிருந்து யாரோ எழுதியிருந்தார்.

"படிங்கக்கா" என்று என்னிடம் நீட்டினார். உரக்கப் படித்தேன்:

"புதிய கிளி மிக நன்று. ஒரு வேண்டுகோள். முதலாவதாகப் பேசும் பெண்ணை முழுவதும் நீக்கிவிட்டு, இரண்டாவது பெண்ணே எல்லாவற்றையும் பேசும்படி செய்ய முடியுமா?"

ஜாபருக்குப் புரையேறியது. ஜமீலா வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், கண்ணில் நீர் வந்து, கையிலிருந்த சோற்று உருண்டை இலையில் விழுந்துவிட்டது.

வசந்தா மட்டும் சிரிக்கவில்லை. யோசனையோடு ஒரு முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து நிதானமாகச் சொன்னாள்:

"நீங்க ஊருக்குக் கெளம்புங்கக்கா. மீதிய நான் பேசிக்கிறேன்."